மூடியிலிருந்து பிளக் வரை

போன ஆடியில் ஒரு புல்லட் குட்டியானையில் ஏறி வந்து என் பட்டறை வாசலில் இறங்கியது. 1961ல் திருவொற்றியூர் ஆலையில் பூட்டிய வண்டி. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்த ஒருவர் மதுராந்தகம் ஏரிக்கரையில் ஓட்டியது. அவருடைய பேரன்தான் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் எட்டு மாதம் போட்டு முழுக்கக் கட்டியிருக்கிறார்கள். சிலிண்டர் ரீபோர், புது பிஸ்டன், கிராங்க் பின், வால்வு, டேங்குக்குக் கறுப்புப் பெயிண்ட், அதன் மேல் கையால் இழுத்த தங்கக்கோடு. பார்த்தால் கண்பட்டுவிடும் போல இருந்தது.

"ரெண்டாவது கிக்குலயே ஸ்டார்ட் ஆகுது அண்ணே. அஞ்சு கிலோமீட்டர் நல்லா ஓடுது. அப்புறம் மூச்சு முட்டுற மாதிரி திணறி நின்னுடுது. பத்து நிமிஷம் ஓரங்கட்டி வச்சா மறுபடியும் ஓடுது."

காயில், கண்டென்சர், பாயிண்ட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. சூடானதும் நின்று ஆறியதும் ஓடினால் முதலில் கண்டென்சரைத்தான் சந்தேகிப்பார்கள், அதில் தப்பில்லை. கார்புரேட்டரையும் இரண்டு முறை கழற்றிக் கழுவியிருக்கிறார்கள். கடைசியாகப் பார்த்தவர், புது பிஸ்டன் பிடிக்கிறது, எஞ்சினை மறுபடி பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பையன் முகம் வாடியிருந்தது. பிரிக்க வேண்டாம் தம்பி, சாயங்காலம் வரை இங்கேயே உட்காருங்கள் என்றேன்.

1974ல் பதின்மூன்று வயதில் நான் இராயபுரத்தில் ஒரு பட்டறையில் பையனாகச் சேர்ந்தேன். என் மேஸ்திரி யுத்த காலத்தில் ராணுவ லாரிப் பட்டறையில் வேலை பழகியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜெட்டின் மேல் அடித்திருக்கும் எண்ணை மட்டும் நகத்தால் தடவியே சொல்லிவிடுவார். கட்டி முடித்த வண்டி சரியாக ஓடவில்லை என்றால் அவருக்கு ஒரே விதிதான். பெட்ரோல் போகும் வழியே நீயும் போ. டேங்க் மூடியில் ஆரம்பித்து பிளக்கில் முடி. நடுவில் ஒரு இடத்தையும் தாண்டிக் குதிக்காதே. குதித்தவன் திரும்பி வரவேண்டியிருக்கும்.

அந்த வண்டியின் வழி இங்கிலாந்தில் ஆரம்பித்த வழி. ரெட்டிச் ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1901ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்ற பெயர் 1932ல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம், 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 1954ல் எண்ணூறு வண்டிகள் கேட்டது. அடுத்த வருஷமே ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1956 முடிவதற்குள் அங்கே பூட்டியவை 163 வண்டிகள். கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இங்கே சேர்த்துப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் எந்திரங்களும் வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். ரெட்டிச் ஆலை 1967ல் மூடப்பட்டது. தாய்வீடு போனபின்பும் புல்லட் நின்றது வடசென்னையில், கடற்கரை உப்புக்காற்றில். 1977ல் இங்கே செய்த வண்டியை இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்.

ஆலை வண்டியைச் செய்தது. அதை ஐம்பது வருஷம் ஓட வைத்தது ஆலை அல்ல. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளும், புதுப்பேட்டைப் பழைய இரும்பும், தெருவுக்குத் தெரு இருந்த என் மேஸ்திரி போன்றவர்களும்தான். அந்த வரலாற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒரு பழைய வண்டியின் பெட்ரோல் வழியைப் பொறுமையாகத் திறந்துகொண்டே போனால் அதில் பாதி அங்கேயே கிடைக்கும்.

முதலில் மூடி. வண்டியை ஸ்டார்ட் செய்து தண்டையார்பேட்டைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். சரியாக ஐந்தாவது கிலோமீட்டரில் திணறியது. சோக்கை இழுத்தேன், ஒரு நொடி உயிர் வந்தது, பிறகு நின்றது. அந்த ஒரு நொடிதான் வேண்டிய சாட்சி. கரண்ட் போனால் வண்டி வெடுக்கென்று நிற்கும். பிஸ்டன் பிடித்தால் பின்சக்கரம் இழுக்கும், சத்தம் கேட்கும். இருமி இருமி நின்று, சோக்கில் கொஞ்சம் பிழைத்தால் அது பெட்ரோல் பசி. ஓரமாக நிறுத்தி மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. பையன் திடுக்கிட்டுப் பார்த்தார்.

டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். மூடியில் அதற்கென்று ஊசித்துளை உண்டு. பழைய மூடி துருப்பிடித்திருக்கிறது என்று தூக்கிப்போட்டு, கடையில் பளபளப்பாகப் புதுசு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதன் ரப்பர் வாஷர் துளையையே மூடிக்கொண்டிருந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் டேங்குக்குள்ளே காற்று இல்லாமல் பெட்ரோல் தொங்கி நின்றுவிடும். பத்து நிமிஷத்தில் எங்கோ கசிந்து காற்று புகும், வண்டி ஓடும். வாஷரில் ஒரு துளை போட்டேன். இதற்காக அந்த எஞ்சினை மறுபடி பிரித்திருப்பார்கள்.

வண்டி இப்போது நிற்கவில்லை. ஆனால் அறுபதைத் தாண்டினால் மிஸ்ஸிங். ஒரு குறை போனதும் அதன் பின்னால் ஒளிந்திருந்த அடுத்தது தெரியும். கட்டின வண்டியில் எப்போதும் இப்படித்தான். ஒரே காரணத்தைத் தேடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள்.

அடுத்தது டேப். அந்தக் காலத்து டேப்பில் ரப்பர் கிடையாது, கார்க். பித்தளைக் குழலுக்குள் ஒரு சிறு கார்க் உருளை முன்னும் பின்னும் நகர்ந்து வழியைத் திறக்கும், அடைக்கும். நனைந்திருக்கும் வரை கார்க் உப்பி இறுகி நிற்கும். டேங்கைப் பெயிண்டுக்கு அனுப்பி மாதக்கணக்கில் காயப்போட்டால் சுருங்கிவிடும், அப்புறம் ஒழுக்குதான். உதிரி கிடைக்காத நாளில் மேஸ்திரி மருந்து பாட்டில் கார்க்கை பிளேடால் செதுக்குவார். கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ஊறி மெத்தென்று ஆனதும் குழலுக்குள் செலுத்துவார். டீக்கடை வெந்நீர்தான். தினமும் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி வருவது என் வேலைகளில் ஒன்று.

இந்த வண்டியில் டேப் ஒழுகவில்லை. பைப்பைக் கழற்றி பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். முதலில் விரல் கனத்துக்கு ஓடியது, அரை நிமிஷத்தில் நூலாக இளைத்தது. டேப்பை இறக்கினால் அதன் வலையில் மஞ்சளாக, நகச்சீவல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. முன்பு எப்போதோ டேங்குக்குள் துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு ஊற்றியிருக்கிறார்கள். அது உரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அது ஏன் உரிந்தது என்பதற்குப் பெட்ரோலின் கதையைச் சொல்ல வேண்டும். நான் வேலை பழகிய காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. வீடு திரும்பினால் அம்மா, குளித்துவிட்டுச் சோற்றில் கை வை என்பாள். அவளுக்கு ஈயத்தைப் பற்றித் தெரியாது, வாடை பிடிக்காது, அவ்வளவுதான். ஈயமில்லாத பெட்ரோல் 1995ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நிறுத்தப்பட்டது. எங்களுக்கு அது கண்ணை மாற்றிக்கொள்கிற வேலை. அதுவரை பிளக்கைக் கழற்றினால் காப்பித்தூள் நிறம் இருந்தால் சரி, அடுப்புக்கரி என்றால் பெட்ரோல் கூட, சுண்ணாம்பு என்றால் குறைவு என்று படிப்போம். ஈயம் போனதும் நன்றாக ஓடுகிற வண்டியின் பிளக்கே வெளுத்துத் தெரிந்தது. பழைய கண்ணால் பார்த்து, தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டியவர்களில் நானும் ஒருவன்.

அதற்கு முன்னால் மண்ணெண்ணெய்க் காலம். 1973ல் அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தி விலை ஏறியபின், பட்டறைக்கு வருகிறவர்கள் வேகத்தைக் கேட்கவில்லை, மைலேஜைக் கேட்டார்கள். நீடிலை ஒரு காடி இறக்கு, ஜெட்டை ஒரு எண் குறை என்பார்கள். மேஸ்திரி மறுப்பார். பெட்ரோல்தான் எஞ்சினுக்குள் குளிர்ச்சி, அதைக் குறைத்தால் பிஸ்டன் கணக்குத் தீர்க்கும் என்பார். மறுத்த வேலை பக்கத்துப் பட்டறைக்குப் போகும், மூன்று மாதத்தில் ஓட்டை விழுந்த பிஸ்டனோடு எங்களிடமே திரும்பும். ரேஷன் மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் பல வருஷம் எங்களைப் படுத்தியது. காலையில் ஸ்டார்ட் ஆகாது, புகை அடிக்கும், மேடேறும்போது எஞ்சின் உள்ளே தட்டும். வடிதாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். நல்ல பெட்ரோல் கறையில்லாமல் பறந்துவிடும், கலப்படம் எண்ணெய்த் தடம் விடும். அன்றைக்குக் கார்புரேட்டரைக் கழுவிய பாதிப்பேர் பெட்ரோலைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

இப்போது எத்தனால். 2022ல் நூற்றுக்கு 10 பங்கு, 2025ல் 20 பங்கு. கரும்பு விவசாயிக்கு அதனால் நல்லது என்றால் எனக்கும் சந்தோஷம். ஆனால் 1961ல் செய்த வண்டிக்குள் அது என்ன செய்கிறது என்பதை நான் தினம் பார்க்கிறேன். எத்தனால் சாராயம், தண்ணீரை இழுக்கும். சென்னை ஈரக்காற்றில் இரண்டு மாதம் ஓடாமல் நின்ற வண்டியின் டேங்கடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து கிடக்கும். பழைய ரப்பர் பைப் உப்பி உள்வழி குறுகும். டேங்குக்குள் அந்தக் காலத்தில் ஊற்றிய பூச்சும் தாங்காமல் தோலுரியும். இந்த வண்டிக்கு நடந்தது அதுதான். தங்கக்கோடு கெடக் கூடாதென்று டேங்கைப் போர்வையில் சுற்றி, உள்ளே மருந்து விட்டு, ஒரு பிடி நட்டும் போல்ட்டும் போட்டு, நானும் பையனும் மாறி மாறி இரண்டு நாள் குலுக்கினோம். குழம்புபோல வந்தது. மூன்றாம் நாள் வெள்ளைத்துணி விட்டுப் பார்த்தேன், கறை இல்லை.

குலுக்கும்போது பையன் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றிக் கேட்டார். அந்த மாதம் பட்டறை வாசலில் நாற்பத்தேழு வண்டிகள் நின்றன. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் சேறு, அதன் மேல் முத்து முத்தாகத் தண்ணீர். அவசரப்பட்டு உதைத்தவர்களின் கனெக்டிங் ராடு வளைந்தது. உதைக்காமல் தள்ளிக்கொண்டு வந்தவர்களின் வண்டி அந்த வாரமே ஓடியது.

பிறகு கார்புரேட்டர். இந்த வண்டியில் அமல் மானோபிளாக் இருந்தது. அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பின்க்ஸ் என்ற மூன்று கம்பெனிகள் 1927ல் ஒன்றானபோது பிறந்த பெயர் அமல். முந்தைய மாடல்களில் மிதவைக் கிண்ணம் தனியாக, உடல் தனியாகத் தொங்கும். 1955 மாடல்களுக்கு வந்த மானோபிளாக்கில் இரண்டும் ஒரே வார்ப்பு. சென்னையில் கம்பெனி தொடங்கிய அதே வருஷம் வந்ததால், இந்த ஊர் மெக்கானிக்குகள் புல்லட்டோடு சேர்த்துப் படித்த கார்புரேட்டர் அதுதான். பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும், டிக்ளர். அதை அழுத்தினால் மிதவை தாழ்ந்து பெட்ரோல் மேலே வரும். விரல் நனைந்ததும் உதைக்க வேண்டும். பின்னாளில் புல்லட்டுக்கு மிக்கார்ப் வந்தது, டிக்ளர் போனது. நல்ல கார்புரேட்டர்தான், நானும் நூற்றுக்கணக்கில் பூட்டியிருக்கிறேன். ஆனால் அமல் கொஞ்சம் தேய்ந்ததும் அதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு மிக்கார்ப் மாட்டுவது எங்கள் தொழிலில் ஒரு வழக்கமாகிவிட்டது. அப்படிப் போனவை எத்தனையோ.

கிண்ணத்துக்குப் பெட்ரோல் நுழையும் இடத்தில் ஒரு நைலான் வலை உண்டு. மஞ்சள் சீவல் அங்கேயும் இருந்தது. இரண்டு முறை கார்புரேட்டரைக் கழுவியவர்கள் அந்த போல்ட்டைக் கழற்றவே இல்லை. மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். யாரோ இரும்புக் கம்பி விட்டுக் குத்தியிருக்கிறார்கள், துளையின் வாய் கிழிந்திருந்தது. ஜெட் பித்தளை. இரும்பு பட்டால் துளை பெருகும், பிறகு அதன் மேல் உள்ள எண் பொய்யாகிவிடும். அமல் ஜெட்டின் எண் ஒரு நிமிஷத்தில் எத்தனை சிசி பெட்ரோல் அதன் வழியாக ஓடும் என்ற கணக்கு. மேஸ்திரி ஒயரிலிருந்து உருவிய செம்பு இழையைத்தவிர வேறெதையும் ஜெட்டுக்குள் விட அனுமதிக்க மாட்டார். நான் ஒருமுறை ஊக்கை விட்டேன். அவர் அடிக்கவில்லை. அந்த ஜெட்டை என் சட்டைப்பையில் போட்டு, "இது இனி உன்னோடது, வச்சுக்கோ" என்றார். இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

புது ஜெட், சுத்தமான டேங்க், திறந்த மூடி. வேகத்தில் மிஸ்ஸிங் போனது. ஐடிலிங் மட்டும் நிலைக்கவில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, சிக்னலில் நின்றுவிடுகிறது. ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் வைத்துப் பார்த்தேன், உள்ளே திருகினேன், வெளியே திருகினேன், கேட்கவில்லை. எஞ்சின் ஓடும்போதே கார்புரேட்டர் சிலிண்டர் தலையோடு சேரும் இடத்தில் ஆயில்கேனிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன். ஆயிலை உறிஞ்சிக்கொண்டது, ஐடிலிங் ஒரு கணம் சீரானது. அங்கேதான் காற்று புகுகிறது.

கழற்றிக் கண்ணாடித்துண்டின் மேல் வைத்தால் நடுவில் இடைவெளி தெரிந்தது. இரண்டே நட்டில் நிற்கும் கார்புரேட்டர். ஒழுகக் கூடாதென்று யாரோ முழு பலத்தில் முறுக்கியிருக்கிறார்கள். நடு உள்வாங்கி, காதுகள் இரண்டும் முன்னால் வளைந்துவிட்டன. இந்த உலோகம் மென்மையானது, முறுக்க முறுக்க வளையும், வளைந்தால் காற்று புகும், காற்று புகுந்தால் இன்னும் முறுக்கத் தோன்றும். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, எட்டு எழுதுவது போலத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்தி, புது பேக்கிங் வைத்து, ஸ்பேனரை விரல் நுனியில் பிடித்து இறுக்கினேன். பையன், "இவ்வளவு லேசாவா?" என்றார். இவ்வளவு லேசாகத்தான்.

கடைசியில் பிளக். பத்து கிலோமீட்டர் ஓட்டி, வேகத்திலேயே சாவியை அணைத்து, கிளட்ச் பிடித்து நிறுத்திக் கழற்றினேன். ஈயம் போன கணக்கையும் சேர்த்துப் பார்த்தாலும் அது சுண்ணாம்பு வெள்ளைதான். எல்லாம் சரியாக இருந்தும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய எண்ணுக்கு அடங்காது. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு, அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். புத்தகத்தில் போட்ட எண்ணுக்கு ஒன்று மேலே போட்டேன். அடுத்த ஓட்டத்தில் பிளக் வெளிர் பழுப்புக்கு வந்தது. என் மேஸ்திரி பார்த்திராத பெட்ரோலுக்கு, அவர் சொன்ன முறையிலேயே விடை கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து, மதுராந்தகம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி எடுத்த படத்தைப் பையன் அனுப்பினார். போக வர எங்கும் நிற்கவில்லையாம்.

2020க்குப் பிறகு புது புல்லட்டில் கார்புரேட்டர் இல்லை. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. என்னிடம் இப்போது வேலை பழக வரும் பையன்கள் ஸ்கேனர் பிடிக்கத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள், அது சரிதான், அவர்கள் பிழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் ஆலையிலிருந்து இறங்கி அறுபது வருஷம் ஆன வண்டிகள் இன்னும் கொட்டகைகளில் நிற்கின்றன, அவற்றைக் கட்டுகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறார்கள்.

அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தாத்தா வண்டியைப் பிரிக்கக் கொடுக்கும் அன்றைக்கே கூடவே உட்காருங்கள். கார்புரேட்டரைத் திறந்ததும் மெயின் ஜெட், பைலட் ஜெட், ஸ்லைடு இவற்றின் எண்களையும், நீடில் எந்தக் காடியில் நின்றது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய டேங்க் மூடியையும் பழைய அமலையும் ஒரு துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.